கீழே பூமி நீங்கலாக

உலகத்தில் விபத்தே நடக்காத வானம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது லண்டனில் இல்லை, பாரிசில் இல்லை. தென்னாற்காடு ஜில்லா, செஞ்சியில் இருக்கிறது. அதைக் கட்டிக் காத்து வருவது 'செஞ்சி ஆகாய விமான அபிமானிகள் மற்றும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சங்கம்'. மேற்படி சங்கத்தின் கௌரவச் செயலாளர் அடியேன். 'கௌரவ' என்றால் சம்பளம் இல்லை என்று அர்த்தம் சொல்லிச் சிரிக்கிறவர்கள் ஊரில் உண்டு. அவர்களுக்குச் சம்பளமும் இல்லை, கௌரவமும் இல்லை.

என் பெயர் பெரியதம்பி. ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் பத்திரம் எழுதுகிறேன். ஊர் என்னை 'ரைட்டர்' என்று கூப்பிடும். தினம் மத்தியானம் நம் தலைக்கு மேலே விமானம் போகிறதே, அந்த வானம் யாருடையது என்று செஞ்சியில் முதன்முதலாகக் கேட்டவன் நான். கோட்டை கட்டினவர்கள் மூன்று மலைக்கும் மதில் போட்டார்கள். வானத்துக்கு ஒரு முள்வேலி கூடப் போடாமல் செத்துப் போனார்கள். எனவே அறுபத்து நாலாம் வருஷம் ஒரு சுபதினத்தில் முத்திரைத்தாள் வாங்கி நானே எழுதினேன். 'ராஜகிரிக்குக் கிழக்கு, கிருஷ்ணகிரிக்குத் தெற்கு, சந்திரகிரிக்கு வடக்கு, கூட்ரோட்டுக்கு மேற்கு, இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட ஆகாயமும், அதிலுள்ள மேகம், காற்று, பட்சி, இடி, மின்னல் சகலமும், கீழே பூமி நீங்கலாக, மேற்படி சங்கத்தைச் சேர்ந்தது.' பூமியை ஏன் நீக்கினாய் என்று கேட்காதீர்கள். பூமிக்கு ஏற்கெனவே பட்டாதாரர்கள் இருக்கிறார்கள். வம்பு எதற்கு?

தலைவர் கோதண்டராமன். யுத்த காலத்தில் விமானப் படையில் சேவை செய்தவர். அங்கே சமையல்கட்டில் வெங்காயம் உரித்தார் என்று வேண்டாதவர்கள் சொல்வார்கள். உரிக்கட்டுமே! வெறும் வயிற்றோடு எந்த விமானி பறந்தான்? பொருளாளர் சாந்த் பாஷா. கூட்ரோட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அவர் கடை மொட்டை மாடியில் நாலு பனங்கால் நட்டு, கொல்லையில் கிளி விரட்டப் போடுவார்களே, அதே மாதிரி ஒரு பரண் கட்டினோம். அதுதான் 'கட்டுப்பாட்டுக் கோபுரம்'. அதில் ஒரு பழைய வால்வு ரேடியோ. முள்ளை நகர்த்தி நகர்த்திப் பார்த்தால், எப்போதாவது விமானி பேசுவது கரகரவென்று கேட்கும். இங்கிலீஷ்தான். எங்களுக்குப் புரிந்தது 'ரோஜர்' என்ற ஒரே வார்த்தை.

"எல்லா விமானத்தையும் இந்த ரோஜரே ஓட்டுறாரே, பாவம், ஒரு நாளாவது லீவு குடுக்க மாட்டானுவளா?" என்று சாந்த் பாஷா கண்கலங்கினார்.

"தொழில் பக்தி பாஷா, தொழில் பக்தி" என்றார் தலைவர்.

கட்டுப்படுத்துவது என்றால் சும்மா இல்லை. கொடி வேண்டும். சிவப்புத் துணி கட்டினால் போலீஸ் வந்து 'இன்னா கட்சி?' என்கிறது. பச்சை கட்டினால் அதற்கும் ஒரு கட்சி இருக்கிறது. கடைசியில் சாந்த் பாஷா தம்முடைய கட்டம் போட்ட கைலியைச் சங்கத்துக்கு நன்கொடையாக வழங்கினார். பட்டணத்திலிருந்து வரும் விமானம் ராஜகிரி உச்சிக்கு நேராக வந்ததும் தலைவர் அந்தக் கைலியைத் தெற்குப் பக்கமாக வீசுவார். விமானமும் மறு பேச்சில்லாமல் தெற்கே திரும்பி, திருச்சிராப்பள்ளிப் பக்கம் போய்விடும். ஒரு நாளும் தவறியதில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று டீக்கடையில் பேசினார்கள். நான் அவர்களைக் கேட்கிறேன்: காக்கை உட்காராமலே விழுந்திருக்கும் என்று பனம்பழம் வந்து உங்களிடம் சொல்லிற்றா?

சங்கம் என்று இருந்தால் கட்சி இருக்கும். எங்களிடம் இரண்டு. டகோட்டா கட்சி, வைக்கவுண்ட் கட்சி. இரண்டும் விமான ரகங்கள். டகோட்டாவுக்கு இரண்டு எஞ்சின், வைக்கவுண்ட்டுக்கு நாலு. தலைவர் வைக்கவுண்ட். சாந்த் பாஷா டகோட்டா. எந்த விமானம் போனாலும் தலைவர் காதில் நாலு எஞ்சின் கேட்கும், பாஷா காதில் இரண்டு கேட்கும். செயலாளர் என்ற முறையில் நான் மூன்று என்று எழுதி சமாதானம் செய்யப் பார்த்தேன். இரண்டு பேரும் என்னை அடிக்க வந்தார்கள். அதன் பிறகுதான் அந்த விதி வந்தது. 'இன்ன விமானம் என்று சங்கம் ஏகமனதாகத் தீர்மானித்த பிறகே அதற்கு விடை கொடுக்கப்படும்.' விடை கொடுப்பது என்றால் கைலியை மடித்து வைப்பது.

இதற்குள் ஓர் இடைஞ்சல். பஸ்ஸிலும் லாரியிலும் பிளக் பொறி தட்டுகிறதல்லவா, அந்தப் பொறி ரேடியோவில் 'கொர்ர்' என்று விழுந்து ரோஜரின் குரலை மறைத்தது. உடனே தீர்மானம் போட்டோம். வானத்தில் விமானம் இருக்கும்வரை கூட்ரோட்டில் எந்த வாகனமும் நகரக் கூடாது. பஞ்சாயத்தில் கெஞ்சிக் கூத்தாடி அனுமதியும் வாங்கினோம். சந்தை வரிக் குத்தகைக்காரர் தாண்டவராயன், ரோட்டில் குறுக்கே வைத்திருந்த மூங்கில் கழியைச் சங்கத்துக்கு ஒப்படைத்தார். 'தரைக்கட்டுப்பாட்டு அதிகாரி' என்று அவருக்கு ஒரு பித்தளை வில்லை குத்தினோம். அதுவரை வாயைத் திறக்காத மனிதர், மறுநாளே கழிக்கு ஒரு சங்கிலியும் பூட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். சாவி தலைவரின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது.

முதலில் ஜனங்கள் முணுமுணுத்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள். நம் ஜனங்களுக்குக் கழியைக் கண்டால் நிற்கத் தெரியும். ஏன் என்று கேட்கத்தான் நேரம் இல்லை. கழி விழுந்தால் பஸ்ஸை விட்டு இறங்குவார்கள், பீர் முகமது கடையில் ஒரு டீ குடிப்பார்கள், கழி எழுந்ததும் ஏறிக்கொள்வார்கள். பீர் முகமது கடைக்கு 'ஏரோப்ளேன் டீ ஸ்டால்' என்று பெயரே மாற்றிவிட்டார். ஒரு துறை வளர்ந்தால் நாடு எப்படி வளர்கிறது பாருங்கள்!

இப்படி எல்லாம் சீராக நடந்து வந்தபோதுதான் என் கூடப்பிறந்த அக்கா ராஜம்மாள் குறுக்கே வந்தாள்.

அக்காவைச் சிங்கவரத்தில் கொடுத்திருக்கிறது. மாமாவுக்கு இடுப்பு பிடித்துப் படுத்ததிலிருந்து வெள்ளாமை முழுவதும் அவள் தலையில். கிணற்றில் மாட்டைக் கட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்து இறைத்து மாடும் கிழடாகிவிட்டது, அவளும் பாதியாகிவிட்டாள். அவளுக்கு ஒரே ஓர் ஆசை. கிணற்றுக்கு ஓர் ஆயில் எஞ்சின். என் வீட்டுக்கு எப்போது வந்தாலும் இதே பேச்சு. "இந்த மல்லாட்டைய மட்டும் நல்லபடியா கமிட்டியில போட்டுட்டேன்னு வெச்சிக்கோ, எஞ்சின எறக்கிடுவேன்டா. கெணத்து மேட்டுல எடம் கூட பெருக்கி வெச்சிருக்கேன்." கமிட்டி என்றால் சர்க்கார் ஏலம் போடும் விற்பனைக்கூடம். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கத்தில் அதுதான் தங்கம்.

ஐப்பசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். மத்தியான விமானம் வரும் நேரம். கழி இறங்கிவிட்டது. ராஜகிரிக்குப் பின்னாலிருந்து மேகம் கறுகறுவென்று எழுந்துகொண்டிருந்தது. தலைவர் அதைப் பார்த்து, "இதோட உச்சி முப்பதாயிரம் அடி இருக்கும். டகோட்டா இதத் தாண்டாது. வைக்கவுண்ட் தாண்டும்" என்றார். பாஷா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேகத்தின் உயரத்தை அடிக் கணக்கில் சொல்லும் இப்படிப்பட்ட மேதை வேறு எந்தத் தாலுகாவில் இருக்கிறார்?

அப்போதுதான் சிங்கவரம் ரோட்டிலிருந்து ஒரு மாட்டு வண்டி விழுந்தடித்துக்கொண்டு வந்து கழியில் முட்டி நின்றது. வண்டி கொள்ளாத மூட்டை. நுகத்தடிக்குப் பின்னால் அக்கா, கையில் தார்க்குச்சி. கமிட்டிக் கொட்டகை கழிக்கு அந்தாண்டை, கூப்பிடு தூரத்தில், ஓட்டுக் கூரையோடு தெரிந்தது.

"தாண்டவராயண்ணே, கழியத் தூக்கு. மழ வருது."

"மழ வர்றது வானத்து விவகாரம்மா. மேலதான் கேக்கணும்" என்று வில்லையைத் துடைத்துக்கொண்டார் தாண்டவராயன்.

அக்கா மேலே பார்த்தாள். பரணில் நான்.

"டேய் பெரியதம்பி! இன்னாடா இது?"

"ரேடியோவுக்கு இடைஞ்சலாக இருப்பதால் வாகனங்கள் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன" என்றேன். பதவியில் இருக்கிறவன் அக்காவிடமும் அச்சு மாதிரிதான் பேச வேண்டும்.

"பஸ்ஸுல பொறி வருதுன்னு நிறுத்துற, சரி. என் மாட்டுக்கு பிளக்கு எங்கடா இருக்குது? வால தூக்கிக் காட்டட்டா?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கேள்வி சிக்கலானது. தலைவர் கண்ணை மூடி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "வண்டிச் சக்கரத்துல இரும்புப் பட்டா இருக்குது. கல்லுல உரசுனா பொறி வரும். பொறி பொறிதான்."

விமானம் வந்தது. மேகத்துக்கு மேலே சத்தம் மட்டும் கேட்டது. தலைவர் கைலியைத் தெற்கே வீசினார். எங்களுக்குப் பழக்கமான நேரத்தில் சத்தம் தேய்ந்திருக்க வேண்டும். தேயவில்லை. ராஜகிரிப் பக்கம் கடகடவென்று உருண்டது. கொஞ்சம் அடங்கி, கிருஷ்ணகிரிப் பக்கம் உருண்டது. பிறகு சந்திரகிரிப் பக்கம்.

தலைவரின் முகம் மலர்ந்தது. "சுத்துறான்! நம்ம உத்தரவு கெடைக்காம ரோஜர் சுத்துறான்! கேளு பாஷா, நாலு எஞ்சின். சுத்தமான வைக்கவுண்ட்."

"ரெண்டுதான் தலைவரே. நல்லா கேளுங்க, தொண்ட கட்டுனாப்பல இல்ல? டகோட்டா."

"நாலு!"

"ரெண்டு!"

கீழேயிருந்து அக்கா தொண்டை கிழியக் கத்தினாள். "டேய்! அது இடிடா!"

"தொழில்நுட்ப விஷயத்தில் பொதுமக்கள் தலையிட வேண்டாம்" என்று நான் அறிவித்தேன்.

"மின்னல் வெட்டுதேடா, கண்ணு அவிஞ்சா பூடுச்சு?"

"அது லைட்டும்மா. ரோஜர் சிக்னல் குடுக்கிறாரு" என்றார் பாஷா. ஒவ்வொரு மின்னலுக்கும் ரேடியோ 'கர்ர்ர்' என்றது. பாஷா காதை வைத்துக் கேட்டு, "ரொம்ப அவசரமா பேசுறாரு, பாவம்" என்றார். பிறகு கரண்ட் போய்விட்டது. ரேடியோ செத்தது. "பேச்ச நிறுத்திட்டான். ரகசியமான விமானம்" என்று தலைவர் குரலைத் தாழ்த்தினார். பேசினால் விமானம், பேசாவிட்டால் ரகசிய விமானம். எங்கள் சாத்திரத்தில் ஓட்டையே கிடையாது.

அவசரக் கூட்டம் கூட்டினேன். பொருள்: சுற்றுவது எது? தலைவர் முன்மொழிந்தார், பாஷா மறுத்தார். பாஷா முன்மொழிந்தார், தலைவர் மறுத்தார். கீழே அக்கா கெஞ்ச ஆரம்பித்தாள். அவள் திட்டினால் எனக்குப் பழக்கம். கெஞ்சி நான் கேட்டதில்லை.

"தம்பி, ஒரு வருஷத்துப் பாடுடா. இதோ, கொட்டகை தெரியுது பாரு. ரெண்டு எட்டு வெச்சா மாடு போயிடும். தலைவரு கால்ல வேணாலும் வுழறேன், சாவியப் போடச் சொல்லுடா."

நான் சங்க ஏட்டைப் புரட்டினேன். செயலாளருக்கு அக்கா இருக்கலாம் என்று அதில் எந்த விதியும் இல்லை.

"விடை குடுக்காம கழியத் தெறந்தா மேல ஒண்ணோட ஒண்ணு மோதிக்குவான். பொணம் வுழும். யாரு பதில் சொல்றது?" என்றார் தலைவர்.

"ஒண்ணுதானய்யா சுத்துதுன்றீங்க? ஒண்ணு எதோட மோதும்?" என்றாள் அக்கா.

அப்போது தலைவரின் வழுக்கையில் ஒரு சொட்டு விழுந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார். "விமானத்துலேர்ந்து ஒழுகுது. பாஷா, மோந்து பாரு, பெட்ரோலா?"

பாஷா முகர்ந்தார். "பெட்ரோல் இல்ல தலைவரே. மண் வாசன அடிக்குது."

"மண்ணெண்ணெய்!" தலைவர் துள்ளினார். "டகோட்டா பெட்ரோல்ல ஓடும். மண்ணெண்ணெயில ஓடுறது வைக்கவுண்ட்! ஒத்துக்கோ!"

அவர் ஒத்துக்கொள்ளுமுன் மண்ணெண்ணெய் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

அக்கா வண்டிமேல் ஏறிக் கோணியை இழுத்துப் போர்த்தினாள். எட்டவில்லை. முந்தானையை விரித்தாள். அது எதை மூடும்? "டேய், அந்தத் தார்ப்பாயாச்சும் போடுடா!" என்றாள். பரண்மேல் ரேடியோவுக்காக ஒரு தார்ப்பாய் வைத்திருந்தோம். நான் தலைவரைப் பார்த்தேன். "சங்கத்துச் சொத்து. தீர்மானம் இல்லாம வெளிய குடுக்கக் கூடாது" என்றார். தீர்மானம் போட ஏகமனது வேண்டும். பாஷா அப்போது யாரோடும் ஏகமனதாக இல்லை.

அடாது மழை பெய்தாலும் விடாது கட்டுப்படுத்துவோம் என்பது எங்கள் கொள்கை. ஆனால் பரண் ஒழுகியது, கீழே கடையும் ஒழுகியது. ஆகவே ரேடியோவைத் தார்ப்பாயில் பத்திரமாகச் சுற்றித் தலைவர் தூக்கிக்கொள்ள, நான் கைலியைத் தலையில் போட்டுக்கொள்ள, மூவரும் இறங்கிக் கழிக்குக் கீழே குனிந்து நுழைந்து கமிட்டிக் கொட்டகைக்கு ஓடினோம். தாண்டவராயனும் வில்லையைப் பொத்திக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். கொட்டகையில் நல்ல இடம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அங்கே நின்றுகொண்டு விவாதத்தைத் தொடர்ந்தோம். அங்கிருந்து பார்த்தால் கழி தெரிந்தது. கழியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அக்கா நனைந்தபடி நின்றதும் தெரிந்தது. அவள் கத்தவில்லை. மழைச் சத்தத்தில் கத்தியிருந்தாலும் எங்களுக்குக் கேட்டிருக்காது. எங்களுக்கு எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

மழை விட்டதும் 'விமானம்' சுற்றுவதை நிறுத்தியது. தலைவர் முறைப்படி கைலியை மடித்து வைத்து, சாவியைக் கழற்றிக் கொடுத்தார். வண்டி சொட்டச் சொட்டக் கொட்டகைக்குள் வந்தது. கமிட்டித் தரகர் ஒரு மூட்டைக்குள் கையை விட்டார். கையை உதறிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அக்கா மாட்டைத் திருப்பிக்கொண்டு போனாள். கழி திறந்தே இருந்தது.

அன்று ராத்திரி ரேடியோச் செய்தியில் விமான விபத்து பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதைவிட அத்தாட்சி வேண்டுமா? கொட்டும் மழையில் வழி தெரியாமல் தவித்த ஒரு விமானத்தைச் செஞ்சிச் சங்கம் கரை சேர்த்திருக்கிறது. அடுத்த வாரமே பஞ்சாயத்து ஆபீசில் பாராட்டு விழா வைத்தோம். தலைவருக்கு மாலை. பாஷாவுக்கும் மாலை. கைலிக்குக் கூட ஒரு முழம் பூ.

நன்றி சொல்லி முடித்ததும் பாக்கியிருந்த ஒரே பொருளை எடுத்தோம். அன்று காப்பாற்றப்பட்டது எது? சங்க ஏட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. மறுபடியும் வாக்கெடுத்தோம். வைக்கவுண்ட் ஒன்று, டகோட்டா ஒன்று, தாண்டவராயன் 'நீங்க சொல்ற பக்கம்' என்று எழுதியிருந்தார். செயலாளருக்கு ஓட்டு இல்லை.

அப்போது வாசலில் அக்கா. இடுப்பில் ஒரு கூடை. யாரும் கூப்பிடவில்லை. நேரே நடந்து வந்து கூடையை மேஜைமேல் கவிழ்த்தாள். மாலைக்கும் கைலிக்கும் நடுவில் மல்லாட்டை குவிந்தது. ஒவ்வொன்றும் தோலைப் பிளந்துகொண்டு வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. பூசண நெடி அடித்தது.

"ரெண்டு எஞ்சினா, நாலு எஞ்சினான்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லம்மா" என்றார் தலைவர், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

"எழுதிக்கோடா பெரியதம்பி. ஒத்த எஞ்சின்."

தலைவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "ஒத்த எஞ்சினா? நீ பாத்தியா? எங்க பாத்த?"

"என் கண்ணால பாத்தேன். உங்க கழிக்கு இந்தாண்ட. கொட்டகைக்குப் பக்கத்துல வந்துடுச்சு. நீங்க நாலு பேரும் அதத் தாண்டி ஓடுனீங்க, கண்ணுல படல. என் கெணத்து மேட்டுல எறங்க வேண்டியது, அங்கியே முழுகிடுச்சு." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "மேல போனவன் உன்னக் கேக்கலடா. அவன் பாட்டுக்குப் போயிட்டான். நான்தான்டா நின்னேன், நீ சொன்னியேன்னு" என்றாள். வெறுங்கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தலைவர் மூக்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு கனைத்துக்கொண்டு, "பொதுமக்களில் ஒருவர் நேரில் பார்த்த சாட்சியம். ஒற்றை எஞ்சின் என்றே பதிவு செய்யலாம்" என்றார். பாஷா ஆமோதித்தார். சங்க சரித்திரத்தில் ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான். கைதட்டலும் கிடைத்தது.

சிங்கவரத்தில் இந்த வருஷமும் அக்கா கவலைதான் இறைக்கிறாள். கிணற்று மேட்டில் பெருக்கி வைத்த இடத்தில் புல் முளைத்திருக்கிறது என்று சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை; மத்தியானத்தில் எனக்கு ஓய்வு ஏது? அதனால் சங்கத்தின் பெயருக்கு ஒரு களங்கமும் இல்லை. ஏட்டைப் புரட்டிப் பாருங்கள். நாளது தேதி வரை எங்கள் வானத்தில் ஒரு விபத்து கூட நடந்ததில்லை. நடந்ததெல்லாம் தரையில்தான். தரையைத்தான் பத்திரத்தில் அன்றைக்கே நீக்கிவிட்டேனே.